பிறவிக் கெட்டித்தனமா, பயிற்சியா? வன்னிப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டங்களில் தரம் 1 முதல் உயர்தரம் வரை படிக்கும் பிள்ளைகளின் தாய் தகப்பனுக்காக எழுதப்பட்டது. பாடசாலைக் கூட்டங்களிலும் ரியூசன் வாசலிலும் கோயில் வீதியிலும் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்தான் இவை.

கெட்டித்தனம் பிறப்போடு வருகிறதா, உழைப்பால் வருகிறதா?

இரண்டும் உண்டு. பிறப்போடு வருவதில் பெரும்பகுதி, கற்கும் வேகம். ஒரே பாடத்தை ஒரு பிள்ளை இரண்டு தரத்தில் பிடிக்கும், இன்னொன்றுக்குப் பத்துத் தரம் தேவைப்படும். ஆர்ஜென்ரீனாவின் சதுரங்க வீரர்களை ஆராய்ந்து 2007 இல் வெளியிட்ட ஆய்வில், ஒருவர் மாஸ்ரர் தரத்தை எட்ட ஏறத்தாழ 3,000 மணித்தியாலம் எடுத்தார், மற்றவருக்கு 23,000 மணித்தியாலத்துக்கும் மேல் போனது. வித்தியாசம் ஏழு மடங்குக்கும் கூட. ஆனால் மிகக் குறைவாக எடுத்தவரும் 3,000 மணித்தியாலம் இருந்துதான் எழும்பினார். நாளுக்கு இரண்டு மணித்தியாலம் என்று வைத்தால்கூட அது நாலு வருசப் பயிற்சி.

வேகத்தைப் பற்றிப் பேச முதல் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே படிப்பித்தல், ஒரே நித்திரை, ஒரே கண்பார்வை, ஒரே அளவு புத்தகம் கிடைத்திருந்தால்தான் வேகத்தை ஒப்பிட முடியும். வன்னியில் அந்த நிலை அபூர்வம். ஆகவே "இவனுக்கு மூளை காணாது" என்ற தீர்ப்பைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் பார்க்க நிறைய இருக்கிறது.

பத்தாயிரம் மணித்தியாலம் செய்தால் யாரும் வல்லவராகலாம் என்கிறார்களே?

அந்தக் கணக்கு 1993 இல் வெளிவந்த ஓர் ஆய்விலிருந்து பரவியது. பேர்லின் இசைக் கல்லூரி ஒன்றில் வயலின் படித்தவர்களில் முதல் தரத்தில் இருந்தவர்கள் 20 வயதுக்குள் சராசரியாகப் பத்தாயிரம் மணித்தியாலம் தனியாகப் பயிற்சி செய்திருந்தார்கள். சராசரி என்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அதைவிடக் குறைவாகச் செய்து அதே இடத்துக்கு வந்தவர்களும் அந்தக் குழுவில் உண்டு. இன்னொன்று, ஆசிரியர் கொடுத்த குறிப்பிட்ட குறையைத் திருத்தச் செய்த பயிற்சி அது. பிடித்த பாட்டை வாசித்துக்கொண்டிருந்த நேரம் அந்தக் கணக்கில் இல்லை.

2014 இல் 88 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, மனிதருக்கு மனிதர் காணப்படும் திறமை வித்தியாசத்தில் பயிற்சி நேரம் விளக்கிய பங்கு சதுரங்கம் போன்ற பலகை விளையாட்டுகளில் 26 வீதம், இசையில் 21 வீதம், உடல் விளையாட்டுகளில் 18 வீதம், கல்வியில் 4 வீதம். இந்த 4 வீதத்தைக் கண்டு "படிச்சுப் பிரயோசனமில்லை" என்று எண்ணக்கூடாது. படிப்பில் மணித்தியாலத்தை மட்டும் எண்ணினால் கிடைக்கும் விளக்கம் அவ்வளவுதான், ஏனென்றால் புத்தகத்தை விரித்தபடி இருந்த நேரத்தையும் உண்மையாகக் கற்ற நேரத்தையும் அந்த எண்ணிக்கை பிரிப்பதில்லை.

"நான் ஓ.எல்.கூடப் பாஸ் பண்ணேல்லை. பிள்ளைக்கு எங்கையிருந்து மூளை வரும்?"

வன்னியில் மிக அதிகமாகக் கேட்கப்படுவதும், மிக அதிகம் கெடுதல் செய்வதும் இந்தக் கேள்விதான். கொஞ்சம் விரிவாகவே சொல்லலாம்.

அறிவுத்திறன் ஓரளவு மரபுவழி வருகிறது என்பதை இரட்டையர் ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் மரபின் பங்கு என்பது ஒரு குறிப்பிட்ட சூழலில் ஆட்களுக்கிடையே தெரியும் வித்தியாசத்தைப் பற்றிய கணக்கு. ஒரே ஆட்டக்காரி இன விதைநெல்லை இரண்டாகப் பிரித்து, பாதியை இரணைமடுக் குளத்துத் தண்ணி பாயும் வயலிலும் மீதியை மழையை நம்பிய மானாவாரியிலும் விதையுங்கள். ஒவ்வொரு வயலுக்குள்ளும் கதிருக்குக் கதிர் தெரியும் வித்தியாசத்தில் விதைக்குப் பங்கு உண்டு. இரண்டு வயலுக்கும் இடையிலுள்ள விளைச்சல் வித்தியாசம் முழுக்கத் தண்ணியால் வந்தது. அதை வைத்து மானாவாரி விதை கூடாதது என்று எந்தக் கமக்காரனும் சொல்லமாட்டான்.

இன்று பத்துப் பதினைந்து வயதுப் பிள்ளைகளை வைத்திருக்கும் பெற்றோர் பலர் 2009 இல் தாங்களே பள்ளிக்கூட வயதில் இருந்தவர்கள். இடம்பெயர்வு, மரத்தடி வகுப்பு, பிறகு முகாம். கணிதத்தில் சமன்பாடு தொடங்கும் வயதில் பங்கருக்குள் இருந்தவரின் ஓ.எல். பெறுபேறு, அவருடைய மூளையைப் பற்றி எதையும் சொல்லாது. அதைத் தன் பிள்ளைக்குப் பரம்பரைச் சான்றாகக் காட்டுவது, பாயாத தண்ணிக்காக விதைநெல்லைக் குறை சொல்வது.

அமெரிக்காவில் 2003 இல் வந்த ஓர் ஆய்வு, மிக வறிய குடும்பங்களின் ஏழு வயது இரட்டையரிடையே அறிவுச் சோதனைப் புள்ளி வித்தியாசத்தில் மரபின் பங்கு பூச்சியத்தை அண்டியது என்றும், வீட்டுச் சூழலின் பங்கு 60 வீதம் வரை போனது என்றும் கண்டது. ஐரோப்பாவில் செய்த ஆய்வுகளில் இந்தப் போக்குத் தெளிவாகத் தென்படவில்லை. வறிய குடும்பத்துக்குக் கிடைக்கும் அரச உதவி அங்கே கூடுதல் என்பது ஒரு விளக்கம்.

பிள்ளையின் காதுபட இந்த வசனத்தைச் சொல்லாதீர்கள். தாய் தன்னைத் தாழ்த்திப் பேசும்போது பிள்ளை தன்னைப் பற்றிய தீர்ப்பாகத்தான் அதைக் கேட்கிறது.

புலமைப்பரிசிலில் வெட்டுப்புள்ளிக்குக் கீழே. இனி அவ்வளவுதானா?

இல்லை. பத்து வயதில் எழுதும் ஒரு சோதனை, அந்தக் காலையில் அந்தப் பிள்ளை எவ்வளவு வேகமாக வாசித்து விடை போட்டது என்பதைத்தான் அளக்கிறது. 1921 இல் அமெரிக்க உளவியலாளர் லூயிஸ் ரேர்மன் அறிவுச் சோதனை வைத்து 1,500 பிள்ளைகளைத் தெரிந்தெடுத்துப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார். அவரது குழுவில் எவரும் நோபல் பரிசு பெறவில்லை. சோதனையில் புள்ளி காணாமல் கழிக்கப்பட்ட இரண்டு பிள்ளைகள், வில்லியம் ஷொக்லி 1956 இலும் லூயிஸ் அல்வாரெஸ் 1968 இலும், பௌதிகவியலில் பெற்றார்கள்.

வயதையும் பாருங்கள். சனவரி 31 இல் ஐந்து வயது பூர்த்தியான பிள்ளைகள்தான் அந்த ஆண்டு தரம் 1 இல் சேர்க்கப்படுகிறார்கள். ஆகவே பெப்ரவரியில் பிறந்த பிள்ளையும் அடுத்த சனவரியில் பிறந்த பிள்ளையும் ஒரே வகுப்பில் இருக்கும், வித்தியாசம் பதினொரு மாதம். ஐந்து வயதில் அது வாழ்ந்த காலத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. கையெழுத்து, வாசிப்பு, பொறுமை எல்லாவற்றிலும் தெரியும். சனவரிப் பிள்ளையை "மந்தம்" என்று முதல் தவணையிலேயே முடிவுகட்டிக் கடைசி வாங்கில் இருத்தினால், உண்மையாகவே மந்தமாகிவிடும்.

வினாத்தாளை வீட்டில் திரும்பச் செய்விக்கும்போது இதைச் செய்து பாருங்கள். பிள்ளை பிழைவிட்ட வசனக் கணக்குகளை நீங்கள் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். கேட்டவுடன் சரியாகச் செய்தால் பிரச்சினை கணிதத்தில் இல்லை, வாசிப்பில். தரம் 5 இல் "கணக்கு வராது" என்று கொண்டுவரப்படும் பிள்ளைகளில் கணிசமானவர்கள் இந்த வகை. அவர்களுக்குக் கணித ரியூசன் போட்டுப் பிரயோசனமில்லை. நாளுக்குப் பதினைந்து நிமிசம் சத்தமாக வாசித்து, வாசித்ததைத் தன் சொல்லில் திருப்பிச் சொல்ல வைப்பதுதான் மருந்து.

மூளையைப் பற்றிப் பேச முதல் எதைப் பார்க்க வேண்டும்?

கண். பிள்ளையைக் கரும்பலகையிலிருந்து கடைசி வாங்கு தூரத்தில் நிறுத்தி, ஒவ்வொரு கண்ணாகப் பொத்தி வாசிக்க விடுங்கள். தனக்கு மங்கலாகத் தெரிகிறது என்று பிள்ளை தானாகச் சொல்லாது, எல்லாருக்கும் அப்படித்தான் என்று நினைத்திருக்கும். பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்து எழுதும் பழக்கத்துக்குப் பின்னால் சில வேளை இருப்பது இதுதான்.

காது. அடிக்கடி சீழ் வடியும் காதுள்ள பிள்ளை சொல்வதெழுதலில் மெல்லின வல்லினத்தை மாற்றி எழுதும். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை நடத்தும் பாடசாலை மருத்துவப் பரிசோதனை நாளில் பிள்ளையை மறிக்காதீர்கள். தந்த கடதாசியோடு ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும், அலுமாரிக்குள் வைக்கக்கூடாது.

இரத்தம். இரும்புச்சத்துக் குறைந்த பிள்ளை பத்து மணிக்கே சோர்ந்துவிடும், கவனம் நிற்காது. முருங்கையிலை, கௌபி, பயறு, நெத்தலி எல்லாம் நம்மிடம் தாராளம். கெடுப்பது சோறு தின்ற கையோடு குடிக்கும் பிளேன்ரீ. தேயிலையிலுள்ள தனின் இரும்பு உறிஞ்சுவதைக் குறைக்கும். சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் இடையில் ஒரு மணித்தியாலமாவது விடுங்கள். கீரையில் தேசிக்காய் பிழிந்தால் உறிஞ்சல் கூடும். வயிற்றுப் பூச்சி மருந்தைப் பாடசாலையில் கொடுக்கும்போது குடிக்க வையுங்கள்.

நித்திரை. 6 முதல் 12 வயதுக்கு 9 முதல் 12 மணித்தியாலம், 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10. விடிய நாலு மணிக்கு எழுப்பிப் படிப்பிப்பது இங்கே ஒரு பெருமை. இரவு எட்டு மணிக்குப் படுத்த, 13 வயது தாண்டிய பிள்ளை என்றால் சரி. பதினொன்றுக்குப் படுத்த பிள்ளையை நாலுக்கு எழுப்பினால், முதல் நாள் படித்தது மூளையில் பதிய வேண்டிய நேரத்தையே வெட்டி எடுக்கிறீர்கள்.

வீட்டில் குடி, சண்டை, தகப்பன் இல்லாத நிலை, யாரையோ காணாமல் தேடும் துயரம் இருந்தால் பிள்ளையின் கவனம் அங்கேதான் இருக்கும். மாதக்கணக்கில் நித்திரை குழம்பினால், பேச்சுக் குறைந்தால், மாவட்டப் பொது வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். அது விசருக்கு வைத்தியம் பார்க்கும் இடம் என்று அயலட்டை நினைத்தால் நினைக்கட்டும்.

எப்படிப் பயிற்சி செய்தால் உண்மையில் முன்னேறும்?

இங்கேதான் மிகக் கூடிய நேரம் வீணாகிறது. குறிப்பைச் சிவப்புப் பேனையால் கோடு போட்டுக்கொண்டு ஆறு தரம் வாசிப்பதைப் படிப்பு என்று பிள்ளையும் நம்புகிறது, நாமும் நம்புகிறோம். 2006 இல் அமெரிக்காவில் பல்கலைக்கழக மாணவரை வைத்துச் செய்த பரிசோதனையில், ஒரு பந்தியை ஒரு குழு நான்கு தடவை வாசித்தது. மற்றக் குழு ஒரு தடவை வாசித்து, மூன்று தடவை பாராமல் எழுதியது. ஐந்து நிமிசத்தின் பின் சோதித்தால் வாசித்த குழு முன்னுக்கு, 83 வீதத்துக்கு 71. ஒரு கிழமை கழித்துச் சோதித்தால் வாசித்தவர்களிடம் 40 வீதம், எழுதிப் பார்த்தவர்களிடம் 61 வீதம். சோதனை பெரும்பாலும் ஒரு கிழமைக்குப் பிறகுதான் வருகிறது. "படிச்சது எல்லாம் மறந்து போச்சு" என்ற அழுகைக்குக் காரணம் இது.

வீட்டில் செய்யக்கூடிய ஒழுங்கு இது. ஒரு பாடத்துக்கு ஒரு 80 பக்கக் கொப்பி வாங்கிப் பிழைக் கொப்பி என்று பெயர் எழுதுங்கள். வினாத்தாளோ பயிற்சியோ திருத்திய அன்றே, பிழைவிட்ட ஒவ்வொரு கேள்வியையும் இடப்பக்கத்தில் எழுத வேண்டும். விடையை எழுதக்கூடாது. கேள்விக்குப் பக்கத்தில் பிழையின் வகையை ஓர் எழுத்தால் குறிக்க வேண்டும்: தெரியாதது என்றால் 'தெ', தெரிந்து மறந்தது 'ம', கேள்வியை மாறி விளங்கியது 'வி', கூட்டல் கழித்தல் சறுக்கல் 'ச'. இரண்டு நாள் கழித்து வலப்பக்கத்தில் பாராமல் செய்ய வேண்டும். சரியென்றால் ஒரு கிழமை கழித்து இன்னொரு தரம், அதிலும் சரியென்றால் மூன்று கிழமை கழித்து. மூன்றிலும் சரிவந்த கேள்வியை வெட்டிவிடலாம். எந்தக் கட்டத்தில் பிழைத்தாலும் இரண்டு நாளிலிருந்து திரும்பத் தொடங்கும்.

பத்துப் பக்கம் நிறைந்ததும் எழுத்துகளை எண்ணுங்கள். 'தெ' கூட என்றால் அந்த அலகைப் படிப்பிக்க ஆள் வேண்டும், மேலும் வினாத்தாள் செய்து பிரயோசனமில்லை. 'வி' கூட என்றால் வாசிப்புப் பயிற்சி. 'ச' கூட என்றால் வேகத்தைக் குறைத்து, ஒரு வரிக்கு ஒரு படி என்று எழுத வைக்க வேண்டும்.

தெரியாத பிழைக்குள்ளும் ஓர் ஒழுங்கு இருக்கும். முக்காலோடு ஆறிலொன்றைக் கூட்டச் சொன்னால் பத்தில் நாலு என்று எழுதும் பிள்ளையைப் பாருங்கள். மேலே மூன்றும் ஒன்றும் நாலு, கீழே நாலும் ஆறும் பத்து. கவனக் குறைவு என்று ஏசத் தோன்றும். ஆனால் அந்தப் பிள்ளை தான் நம்பும் ஒரு விதியை ஒழுங்காகப் பின்பற்றியிருக்கிறது. அதே வகையில் இருபது கணக்குக் கொடுத்தால் அந்தப் பிழையான விதிதான் இறுகும். "தம்பி, பத்திலை நாலு அரைவாசியிலும் கூடவோ குறையவோ?" என்று கேளுங்கள். குறைய என்பான். "முக்காலோடை ஒரு துண்டைக் கூட்டினால் அரைவாசியிலும் குறைஞ்சு போகுமோ?" அந்த இடத்தில் பிள்ளை நிற்கும். அதற்குப் பிறகு பன்னிரண்டாகப் பிரித்த நீளக் கடதாசித் துண்டில் ஒன்பதையும் இரண்டையும் நிறம் தீட்டிப் பதினொன்றைக் காணவைத்தால் பொதுப் பகுதி எதற்கு என்பது விளங்கிவிடும். ஒரு நல்ல ஆசிரியரோடு இருக்கும் பத்து நிமிசம், தனியே செய்யும் இருபது கணக்கைவிடப் பெறுமதி என்பது இதனால்தான்.

ஒரு நாளைக்கு எத்தனை மணித்தியாலம்?

பாடசாலை தவிர்ந்து, தரம் 3 வரை அரை மணித்தியாலமும் கதைப் புத்தகமும் போதும். தரம் 4, 5 இல் 25 நிமிசமாக இரண்டு அல்லது மூன்று இருப்பு. ஓ.எல். பிள்ளைக்கு 40 நிமிசமாக மூன்று. உயர்தரத்தில் நாலைந்து மணித்தியாலம், ஆனால் ஒரே பாடத்தை அல்ல. பௌதிகவியலில் மூன்று அலகின் கணக்குகளைக் கலந்து செய்யவேண்டும். ஒரே அலகை அடுக்காகச் செய்தால் எந்தச் சூத்திரம் போடுவது என்று யோசிக்க வேண்டியிராது, சோதனையில் அதைத்தான் யோசிக்க வேண்டியிருக்கும்.

ரியூசன் கட்டாயமா?

ஆசிரியர் இல்லாத பாடத்துக்கு ஆம். துணுக்காய், ஒட்டுசுட்டான், மடுப் பக்கத்துப் பிள்ளைகளில் சிலருக்குக் கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலத்துக்கு வேறு வழியில்லை. மற்றப்படி, நூற்றைம்பது பேர் இருக்கும் கொட்டிலில் சேர் கரும்பலகையில் செய்வதைப் பார்த்தெழுதுவது பயிற்சி ஆகாது. சேர்க்க முதல் இரண்டு கேள்வி கேளுங்கள்: பிள்ளையின் கொப்பியை யாராவது திருத்துவார்களா? பிழைவிட்ட இடத்தை யார் விளங்கப்படுத்துவார்? இரண்டுக்கும் பதில் இல்லையென்றால், அந்தக் காசுக்கு அயலிலுள்ள ஒரு பல்கலைக்கழக மாணவரைப் பிடித்து நாலு பிள்ளைகளைச் சேர்த்துக் கிழமைக்கு இரண்டு நாள் படிப்பிக்கலாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழினுட்ப பீடங்கள் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கின்றன. வவுனியாப் பல்கலைக்கழகம் 2021 இலிருந்து தனியாக இயங்குகிறது. ஆள் கிடைக்கும்.

கிழமையில் ஏழு நாளும் ரியூசன் போகும் பிள்ளைக்கு, படித்ததைத் தானாகச் செய்து பார்க்க நேரமே கிடையாது. இதைச் சொன்னால் பெற்றோருக்குக் கோபம் வரும், ஆனாலும் சொல்லவேண்டியிருக்கிறது.

"நீ சரியான மூளைசாலி" என்று புகழலாமா?

புகழாமல் விட்டால் நல்லது. 1998 இல் வெளிவந்த பரிசோதனைகளில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் ஒரு பகுதியினரை அறிவுக்காகவும் மற்றவர்களை முயற்சிக்காகவும் ஒரே ஒரு வசனத்தால் புகழ்ந்தார்கள். பிறகு எந்த வகைக் கணக்கு வேண்டும் என்று கேட்டபோது, அறிவுக்காகப் புகழப்பட்டவர்களில் பெரும்பாலானோர் இலகுவானதைத் தேடினார்கள். எடுத்த புள்ளியை வேறொரு பிள்ளைக்கு எழுதச் சொன்னபோது அவர்களில் மூன்றிலொரு பங்குக்கும் மேல் கூட்டி எழுதினார்கள். "மண்டைக்காய்" என்ற பெயரைக் காப்பாற்ற வேண்டிய பிள்ளை, தெரியாததைத் தெரியாது என்று சொல்லத் துணியாது.

ஆனால் "முயற்சி செய்தால் எல்லாம் முடியும்" என்று மந்திரம் போல ஓதுவதாலும் பெரிதாக ஒன்றும் நடக்காது. 2019 இல் அமெரிக்காவில் ஏறத்தாழ 12,000 மாணவர்களோடு செய்த ஆய்வில், மூளை வளரக்கூடியது என்று கற்பித்த சிறு பாடம், குறைந்த புள்ளி எடுப்பவர்களின் சராசரியை நான்குப் புள்ளி அளவில் 0.1 தான் உயர்த்தியது. வசனத்தைவிடக் கேள்வி உதவும். "இதை எப்பிடிச் செய்தனீ?" என்று கேட்டுவிட்டு, பதிலைக் கடைசி மட்டும் கேளுங்கள்.

நன்றாகப் பாடுபடுகிறாள், புள்ளி ஏறவில்லை. என்ன செய்வது?

"இன்னும் கஷ்டப்படு" என்று சொல்லாதீர்கள். உழைப்பை மட்டும் கும்பிடும் பேச்சின் மறுபக்கம் இந்தக் கொடுமை: உழைத்தும் வராதவளைச் சோம்பேறி ஆக்கிவிடும். பிழைக் கொப்பியைப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று வகுப்புக்கு முந்திய ஓட்டை இருக்கும். தரம் 9 இல் சமன்பாடு வராத பிள்ளைக்குத் தரம் 6 இன் பின்னமும் அதற்குப் பிந்திய திசைகொண்ட எண்களும் சரியா என்று சோதியுங்கள். பழைய பாடநூலை எடுத்து ஒவ்வோர் அலகிலும் ஐந்து கணக்கு. நாலு பிழைத்த அலகிலிருந்து தொடங்குங்கள். ஒரு விடுமுறைக் காலத்துக்குள் மூன்று அலகை அடைக்கலாம். வெட்கப்படாமல் தரம் 6 புத்தகத்தைத் திறப்பதுதான் இதில் பாரமான வேலை.

தரம் 4 ஆகியும் எழுத்துக் கூட்டி வாசிக்கிற, எழுத்துகளை மாற்றி எழுதுகிற, ஆனால் வாய்ப்பேச்சில் கெட்டிக்காரப் பிள்ளையென்றால் வாசிப்பு இடர்ப்பாடு இருக்கலாம். வலயக் கல்வி அலுவலகத்தில் விசேட கல்விக்குப் பொறுப்பானவரைக் கேளுங்கள்.

மிக வேகமாகப் பிடிக்கும் பிள்ளை. வகுப்பில் சும்மா இருக்கிறது.

இந்தப் பிள்ளைகளைத்தான் வன்னியில் நாங்கள் கூடுதலாக இழக்கிறோம். நூறு எடுக்கிறான் என்று விட்டுவிடுகிறோம். முயற்சி செய்யப் பழகாமலே ஓ.எல். வரை வந்து, உயர்தர இரசாயனவியலில் முதல் தடவையாக முட்டுப்படும்போது தனக்கு மூளை போய்விட்டது என்று நினைப்பான். சிறுவயதிலேயே கிழமைக்கு ஒருதரமாவது தோற்கக்கூடிய கேள்வி அவனுக்குத் தேவை. கணித ஒலிம்பியாட் பழைய வினாக்கள், சதுரங்கப் புதிர்கள், ஒரு வகுப்பு மேலான பாடநூல் எல்லாம் உதவும். பாடநூல்கள் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

ஆனால் ஒரே பாடத்துக்குள் பூட்டாதீர்கள். இராமானுஜனைவிடப் பெரிய பிறவித் திறமையைத் தமிழர் காட்ட முடியாது. அவரும் கடதாசிக்குக் காசில்லாமல் சிலேற்றில் எழுதி அழித்து வருசக்கணக்காகக் கணக்குச் செய்தவர். கும்பகோணம் கல்லூரியில் மற்றப் பாடங்களில் தவறி உதவிப்பணத்தை இழந்ததும் அவர்தான். நமது பரீட்சை முறையும் அதேபோல, ஓ.எல். இல் ஒரு பாடத்தில் மட்டும் கெட்டிக்காரனாக இருந்தால் போதாது.

அடித்தால் படிப்பானா?

இல்லை. பயந்த பிள்ளை பிழையை மறைக்கும். பிழை தெரியாவிட்டால் திருத்த முடியாது. பாடசாலையில் உடல் தண்டனையைக் கல்வி அமைச்சின் 2005 ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையே தடைசெய்திருக்கிறது.

டொக்டர், எஞ்சினியர் ஆக்க வேண்டும். எங்கள் மாவட்டத்தில் வெட்டுப்புள்ளி குறைவுதானே?

பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசற் புள்ளி (Z-score) 2001 இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஒரு பாடத்தின் சராசரியிலிருந்து பிள்ளையின் புள்ளி எவ்வளவு தூரம் என்பதை நியம விலகலால் பிரித்து, மூன்று பாடத்துக்கும் சராசரி எடுப்பார்கள். மருத்துவம், பொறியியல் போன்ற நெறிகளில் 40 வீத இடம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைப்படி, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. வன்னியின் நான்கு மாவட்டங்களும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் உண்டு.

கோட்டாவில் போனவன் என்ற பேச்சைக் கணக்கெடுக்க வேண்டாம். உள்ளே போன பிறகு வரும் தடை ஆங்கிலம். மருத்துவமும் பொறியியலும் ஆங்கில மொழியில் நடக்கும். முதலாம் வருசத்தில் பின்தங்கும் வன்னிப் பிள்ளைக்குக் குறைவது அனேகமாக மூளையல்ல, விரிவுரையைக் கேட்டெழுதும் பழக்கம். தரம் 6 இலிருந்து நாளுக்கு ஐந்து சொல்லும் ஒரு சிறு பந்தியும் போதும், ஏ.எல். முடித்துவிட்டு மூன்று மாதக் கோர்ஸில் அதை எட்ட முடியாது.

உயர்தரப் பிரிவைத் தெரிவுசெய்யும்போது பிள்ளையின் பிழைக் கொப்பிகளை எடுத்து வைத்துப் பேசுங்கள். எந்தப் பாடத்தில் தன் பிழையைத் தானே தேடிப் பிடிக்கிறது? எதில் யாராவது சொன்னால்தான் கொப்பியைத் திறக்கிறது? ஓ.எல். புள்ளியைவிட அது நல்ல வழிகாட்டி.

விளையாட்டு, சங்கீதம், சதுரங்கம் என்றால்?

உடல் விளையாட்டில் பிறவியின் பங்கு வெளிப்படை. உயரத்தைப் பயிற்சியால் கூட்ட முடியாது. முரளிதரனின் முழங்கை பிறப்பிலேயே முழுதாக நிமிராதது. ஆனால் 800 ரெஸ்ற் விக்கெட்டுக்குப் பின்னால் இருப்பது வலைக்குள் போட்ட பந்துகள். கரப்பந்துக்கும் ஓட்டத்துக்கும் 12 வயது வரை ஒரே விளையாட்டில் பூட்டாமல் எல்லாவற்றையும் விளையாட விடுங்கள்.

சதுரங்கத்தில் ஹங்கேரியின் லாஸ்லோ போல்கார் தன் மூன்று பெண்களையும் வீட்டிலேயே படிப்பித்துப் பயிற்றினார். இளையவர் யூடித் 1991 இல் 15 வயதில் கிராண்ட்மாஸ்ரர் ஆனார். சென்னையின் குகேஷ் 7 வயதில் பழகத் தொடங்கி 2024 டிசெம்பரில் 18 வயதில் உலகச் சம்பியன். மகனோடு போட்டிகளுக்குப் போக அவரது தகப்பன் தன் சத்திரசிகிச்சைத் தொழிலை நிறுத்திவைத்தார். இந்தக் கதைகளைப் பிள்ளைக்குச் சொல்லும்போது அந்தச் செலவையும் சேர்த்துச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் நாங்கள் கொடுக்காததற்குப் பிள்ளையைக் குறை சொன்னதாகிவிடும்.

வெள்ளாமை வெட்டுக்குப் பிள்ளையை மறிக்கலாமா?

காலபோக வெட்டு நேரம் எல்லாக் கையும் தேவைதான். சனி, ஞாயிறு கூட்டிப் போங்கள். பள்ளிக்கூட நாள் என்றால் கணிதம் இல்லாத நாளைப் பாருங்கள், அடுத்தடுத்து இரண்டு நாள் மறிக்காதீர்கள். கணிதத்தில் ஓர் அலகின் தொடக்கம் தவறினால் அந்த அலகு முழுவதும் விளங்காது, மற்றப் பாடங்களில் ஒரு நாள் அவ்வளவு கெடுக்காது. அன்று பின்னேரமே வகுப்புத் தோழனின் கொப்பியை வாங்கி, பார்த்து எழுதாமல், அதிலுள்ள உதாரணக் கணக்குகளை விடையை மூடிவைத்துச் செய்யட்டும். வராத கணக்குகளைக் குறித்துக்கொண்டு போய் மறுநாள் இடைவேளையில் ரீச்சரிடம் பிள்ளையே கேட்க வேண்டும், நீங்கள் அல்ல.